கெக்காபுப் பஞ்சு ஏன் நூலாவதில்லை: கையால் நூற்கத் தொடங்குபவருக்கு ஒரு பதில்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து ஊரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். லயத்துக்குப் பின்னால் நிற்கும் கெக்காபு மரத்தின், அதாவது இலவ மரத்தின், பஞ்சைப் பொறுக்கி, யூடியூபில் பார்த்தபடி சாத்தே குச்சியில் ஒரு கதிர் (நூலை முறுக்கிச் சுற்றும் சுழல்குச்சி) செய்து நூற்றுப் பார்த்தாராம். விரல் நீளம் வருவதற்குள் பிய்ந்து பிய்ந்து விழுகிறதாம். "என் கைக்கு இது வராதா, இல்லை ராட்டை வாங்கினால் சரியாகிவிடுமா?" என்பது அவர் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் ராட்டையைப் பற்றிய கேள்வி. உண்மையில் அவர் கேட்பது, குறை கையிலா, கருவியிலா, பஞ்சிலா என்பதுதான். குறை பஞ்சில், தங்கச்சி. உங்கள் கையைப் பற்றி இன்னும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அதைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த பஞ்சு இதுவரை உங்கள் கையில் அகப்படவே இல்லை.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு கதர் நிலையத்தில் தக்ளியும் (ஊன்றிச் சுழற்றும் சின்னக் கதிர்) ராட்டையும் முறையாகப் படித்தவள் நான். ஊர் திரும்பிய பிறகு பல வருடங்களாகப் பேராக்கில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பருத்திதான் என் அன்றாடப் பழக்கம். கம்பளி ஓரளவுக்கு வரும். நார் வகையில் வாழையும் தேங்காயும் மட்டும்தான் தொட்டிருக்கிறேன். அதனால் பருத்தியைப் பற்றிச் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றில் எது என் அனுபவம், எது படித்து அறிந்தது என்று அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

கெக்காபு என்கிற இலவம்பஞ்சு பார்வைக்குப் பருத்தியைவிடப் பளபளப்பாகவும் மென்மையாகவும் இருக்கும். அந்த மென்மைதான் ஏமாற்றுகிறது. பருத்திக்காய் வெடித்து வெயிலில் காயும்போது, ஒவ்வொரு இழையும் உள்ளே சுருங்கி, தட்டையாகி, தானே முறுக்கிக்கொள்கிறது. பள்ளிக்கூட நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலே போதும், முறுக்கிய நாடா மாதிரித் தெரியும். அந்த இயற்கை முறுக்கினால்தான் ஒரு இழை பக்கத்து இழையைக் கவ்விப் பிடிக்கிறது. இலவம்பஞ்சு இழை அப்படிச் சுருங்குவதில்லை. காய்ந்த பிறகும் உருண்டைக் குழாயாகவே நிற்கும். உள்ளே பெரும்பகுதி காற்று, மேலே மெழுகுப் பூச்சு. அதனால்தான் தண்ணீரில் மிதக்கிறது, அந்தக் காலத்தில் உயிர்காப்பு மிதவை உடுப்புகளில் அடைத்தார்கள், நம் வீடுகளில் தலையணைக்கும் மெத்தைக்கும் போட்டார்கள். வழுக்கும், குட்டையாக இருக்கும், மடக்கினால் ஒடியும். இந்த மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு முறுக்கினாலும் இழைகள் ஒன்றை ஒன்று விட்டு நழுவிப் போய்விடும். நாற்பது வருடம் நூற்றவர் கையிலும் தனி இலவம்பஞ்சு மனம்போல் நூலாக வராது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பூசைச் சாமான் கடையில் விளக்குத் திரிக்கென்று விற்கும் பஞ்சு கொஞ்சம் வாங்குங்கள். அதில் ஒரு சிட்டிகை, கெக்காபுவில் ஒரு சிட்டிகை எடுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டி முறுக்கி, இரு முனையையும் பிடித்து மெல்ல இழுங்கள். பருத்தி முதலில் நீளும், பிறகு இறுகி எதிர்த்து நிற்கும். கெக்காபு எந்த எதிர்ப்பும் இல்லாமல் சத்தமின்றிப் பிரிந்துவிடும். பருத்தி அப்படி எதிர்த்து நிற்கிறதே, அதைத்தான் நூல் என்கிறோம். வேறு மாயம் எதுவும் இல்லை. முறுக்கு இழைகளை நெருக்குகிறது, நெருங்கிய இழைகள் ஒன்றோடொன்று உராய்கின்றன, இழுக்க இழுக்க அந்த நெருக்கம் இன்னும் கூடுகிறது. பசை இல்லாமல், முடிச்சு இல்லாமல், ஒரு அங்குலம்கூட நீளம் வராத இழைகளிலிருந்து எத்தனை மீட்டர் வேண்டுமானாலும் நூல் எடுக்க முடிவது இந்த உராய்வால்தான்.

எந்தப் பஞ்சில் தொடங்குவது என்று பார்ப்போம். மருந்துக்கடைப் பஞ்சு எளிதில் கிடைக்கும் என்பதால் பலரும் அதில் தொடங்குகிறார்கள். அதில் இயற்கை மெழுகையெல்லாம் வெளுத்து எடுத்திருப்பார்கள். இழையும் பெரும்பாலும் குட்டை. விரலில் ஒட்டும், சீராகப் பிரியாது. வேறு வழியே இல்லையென்றால் அதில் பழகலாம், ஆனால் நொந்து போவீர்கள். பழைய மெத்தையைப் பிரித்து எடுத்த பஞ்சு அதைவிட மோசம். தூசியும் ஒடிந்த இழையும்தான் மிஞ்சியிருக்கும். திரிப் பஞ்சு கடைக்குக் கடை மாறும். நன்றாக இருப்பதும் உண்டு. விரலால் ஒரு இழையை உருவிப் பாருங்கள், ஒரு அங்குலத்துக்கு, அதாவது 25 மில்லிமீட்டருக்குக் கிட்டே இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் சிறந்தது வெளுக்காத, கொட்டை நீக்கிய பஞ்சை சீராகச் சீவி நீளப் பட்டையாக விற்பது. இணையக் கடைகளில் கைநூற்புக்கென்றே கிடைக்கிறது. கால் கிலோ வாங்கினால் மாதக்கணக்கில் பழகலாம்.

பருத்திச் செடியை இங்கேயே வளர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். செடி வளரும், பூக்கும், காய்க்கும். காய் வெடிக்கும் நேரத்தில் நல்ல வெயில் வேண்டும். நம் ஊரில் அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் வெடித்த பஞ்சு நனைந்து கறுத்துவிடும். தொட்டியில் நாலைந்து செடி வைத்து, காய் முற்றும்போது கூரைக்கு அடியில் இழுத்துக்கொண்டால் ஆசைக்குக் கொஞ்சம் பஞ்சு எடுக்கலாம்.

இப்போது கை விஷயத்துக்கு வருகிறேன். விளக்குத் திரி உருட்டத் தெரிந்த வீட்டில் பிறந்தவருக்கு நூற்பில் பாதி ஏற்கெனவே தெரியும். திரியில் முறுக்கு மட்டும் இருக்கிறது. நூலில் முறுக்கோடு கூட இழுப்பும் வேண்டும். அந்த இழுப்பைத்தான் புதிதாகப் படிக்க வேண்டும், அதற்குக் கருவியே வேண்டாம். வலது கையில் பஞ்சின் முனையைப் பிடியுங்கள். இடது கையில் மீதிப் பஞ்சு, நசுக்காமல், கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. வலது விரலால் கொஞ்சம் முறுக்குங்கள், இடது கையை மெல்லப் பின்னால் நகர்த்துங்கள், மறுபடி முறுக்குங்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள், தொடங்குபவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள். இரண்டு கைக்கும் நடுவே உள்ள தூரம் இழையின் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் இழையை 20 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பக்கமும் பிடித்தால், ஒரே இழையின் இரு முனையும் உங்கள் இரண்டு கையிலும் இருக்கும். அது எப்படி நகரும்? இழுத்தால் ஒன்று நகராது, இல்லை அறும். நாலு விரல் அகலம் தள்ளிப் பிடியுங்கள், பஞ்சு தானாக ஓட ஆரம்பிக்கும்.

இன்னொன்றும் உண்டு, இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். நூலில் மெல்லிய இடமும் தடித்த இடமும் அடுத்தடுத்து இருந்தால், முறுக்கு முதலில் மெல்லிய இடத்துக்குத்தான் ஓடும். மெல்லிய இடம் சீக்கிரம் இறுகி வலுவாகிவிடும். தடித்த இடத்தில் முறுக்கு குறைவு, அதனால் அது இன்னும் இளகலாகவே இருக்கும். அந்த நேரத்தில் மெல்ல இழுத்தால் மெல்லிய இடம் அறாது, தடித்த இடம்தான் நீண்டு மெலியும். அதாவது நூல் தன்னைத் தானே சமப்படுத்திக்கொள்ளும், நாம் அதற்கு நேரம் கொடுத்தால் போதும். கட்டி விழுந்ததும் பதறிப்போய் விரலால் பிய்க்காதீர்கள். முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தி, இரு பக்கமும் பிடித்து இழுங்கள். நான் சொல்லிக்கொடுத்தவர்களில், கட்டியைப் பிய்க்கும் பழக்கத்தை விட்டவர்களுக்கு நூல் சட்டென்று கைவந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கருவி என்று எடுத்தால், உங்கள் சாத்தே குச்சிக் கதிர் மோசமில்லை. ஆனால் அதைத் தொங்கவிட்டு நூற்றிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். வீடியோக்களில் அப்படிக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் கம்பளி நூற்பவர்கள். கம்பளி இழை நீளம், செதிலும் சுருளும் உள்ளது, 30, 40 கிராம் கதிரைத் தாங்கும். புதிதாகத் தொடங்குபவரின் பருத்தி நூல் அந்தக் கனத்தைத் தாங்காது. அதற்காகத்தான் தக்ளி: மெல்லிய கம்பி, அடிப்பக்கம் சின்னதாக ஒரு பித்தளை வட்டு, உச்சியில் கொக்கி. அதன் முனையை ஒரு சிரட்டைக்குள்ளோ பீங்கான் கிண்ணத்துக்குள்ளோ ஊன்றிச் சுழற்றுவார்கள். கனத்தைத் தரை தாங்கும், நூல் தாங்க வேண்டியதில்லை. உங்கள் குச்சியையே தக்ளியாக்கலாம். அடி முனையைக் கூர்மையாகச் சீவி வழவழப்பாகத் தேயுங்கள். சிரட்டையில் வெள்ளிக்காசு அளவுக்கு வட்டமாக அறுத்து, நடுவில் துளையிட்டு, முனையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் இறுக்கமாகச் செருகுங்கள். உச்சியில் ஒரு சிறு வெட்டு, அதுதான் கொக்கி. வட்டு நடுப்புள்ளியில் இல்லாவிட்டால் ஆடும். ஆடும் கதிர் நூலை அறுக்கும். அறுத்துச் செருகுவதைவிட இதைச் சரிபார்ப்பதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

பழைய நூல் ஒரு முழம் கதிரில் கட்டி, கொக்கியில் மாட்டி, அதன் நுனியில் பஞ்சின் சில இழைகளைப் படரவிட்டு, வலது கை விரலால் கதிரைச் சுண்டுங்கள். முறுக்கு ஏறும்போது இடது கை மேலே போகட்டும். கை எட்டும் உயரம் வந்ததும் நிறுத்தி, இன்னும் இரண்டு சுண்டு கூடுதலாகச் சுழற்றி, கொக்கியிலிருந்து எடுத்து வட்டுக்கு மேலே சுற்றுங்கள். பருத்திக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிக முறுக்கு வேண்டும். போதுமா என்று பார்க்க, நூலைத் தளரவிடுங்கள். சின்னச் சின்னதாகத் திருகி வளைந்தால் முறுக்கு இருக்கிறது. சும்மா தொங்கினால் போதாது. எப்போதும் ஒரே திசையில் சுழற்றுங்கள். நடுவில் திசை மாறினால் போட்ட முறுக்கெல்லாம் கழன்றுவிடும்.

கம்பளியில் தொடங்குவதுதான் சுலபம் என்று மேல்நாட்டு ஆசிரியர்கள் சொல்வார்கள். சுலபம் என்பது உண்மை. நம் ஊரில் அது நல்ல யோசனையா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கம்பளியில் பழகிய கை பிடியை இறுக்கக் கற்றுக்கொள்கிறது, பருத்திக்கு வரும்போது அந்த இறுக்கத்தை மறக்க வேண்டியிருக்கிறது. இது என் மாணவர்களிடம் பார்த்தது, எல்லோருக்கும் பொருந்தும் விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நூற்ற கம்பளியை இந்த வெக்கையில் என்ன செய்வீர்கள் என்பதும் ஒரு கேள்விதானே?

வெக்கை என்றதும் காற்றின் ஈரம் நினைவுக்கு வருகிறது. நூற்பாலைகளில் காற்று வறண்டுபோகாமல் ஈரம் ஏற்றி வைத்திருப்பார்கள். பருத்தி ஈரத்தில் வலுக்கூடும் நார், வறண்டால் இழைகள் மின்னேறிப் பறக்கும். அந்த வகையில் நம் ஊர்க் காற்று பருத்தி நூற்பவருக்குத் துணைதான். ஆனால் பஞ்சைத் திறந்து போட்டால் பூசணம் பிடிக்கும். மூடிய டப்பாவில் வையுங்கள்.

தோட்டத்து ஊரில் வேறு நார்களும் சுற்றிலும் கிடக்கின்றன, அவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு பிரிவைத் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். பருத்தி, கம்பளி மாதிரிக் குட்டை இழைகளை இழுத்து முறுக்குவது ஒரு வழி. வாழை, அன்னாசி மாதிரி முழ நீள நார்களை நுனியோடு நுனி முடிச்சிட்டு நீளமாக்குவது இன்னொரு வழி. பிலிப்பைன்ஸில் அன்னாசி இலையைப் பீங்கான் ஓட்டால் சுரண்டி நாரெடுத்து, ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுத்தான் மெல்லிய துணி நெய்கிறார்கள். வாழை இனத்தைச் சேர்ந்த அபாக்கா நாரையும் அப்படியே செய்கிறார்கள். இது நான் படித்து அறிந்தது. வாழை மட்டையை மரப்பலகையில் வைத்து மழுங்கிய கத்தியால் வழித்து நார் எடுப்பது நானே செய்ததுண்டு. பூக்கட்டும் நார் எடுக்கத் தெரிந்த பாட்டி யாராவது பக்கத்தில் இருந்தால் அவரிடம் போங்கள். எந்த அடுக்கிலிருந்து எடுத்தால் நார் மெலிசாக வரும் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் கற்க முடியும். தேங்காய் நாரைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டிக் கயிறு திரிப்பது முறுக்கைப் புரிந்துகொள்ள அருமையான பயிற்சி. மட்டையை நீண்ட நாள் தண்ணீரில் ஊறவைத்து அடித்தால்தான் நார் நன்றாகப் பிரியும். செம்பனைக் குலையின் நார் விறைப்பானது, பாய்க்கும் உரத்துக்கும் போகட்டும், கைநூலுக்கு வேண்டாம்.

ராட்டைக்கு வருவோம். ராட்டை முறுக்கை வேகமாகப் போடும், இழுப்பைச் சொல்லித் தராது. இடது கை தக்ளியில் பழகாமல் ராட்டையில் உட்கார்ந்தால், அறுவதும் வேகமாக நடக்கும், அவ்வளவுதான். கை பழகிய பிறகு வாங்குவதென்றால், பெட்டிக்குள் மடங்கும் இரட்டைச் சக்கர ராட்டை வாங்குங்கள். காந்தி எரவாடா சிறையில் இருந்த காலத்தோடு சேர்ந்து எரவாடா ராட்டை என்று பெயர் வாங்கியது அதுதான். பருத்திக்கென்றே அமைந்தது, மேசையின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். 1950களில் பரவிய அம்பர் ராட்டை, தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் வடிவமைத்தது, ஒரே நேரத்தில் பல கதிர்களில் நூற்கும். அது பிழைப்புக்காக நூற்பவருக்கு உதவும் நல்ல கருவி. ஆனால் அதில் இழுப்பை உருளைகள் செய்துவிடும், உங்கள் விரலுக்கு வேலை இல்லை. கற்க வந்தவருக்கு அது தேவைப்படாது.

எவ்வளவு நூற்றால் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், எதிர்பார்ப்பு சரியாக இருக்கும். 60 சென்டிமீட்டர் அகலம், 120 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு துண்டு, சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு இழை என்று கொஞ்சம் இளக்கமாக நெய்தால், பாவும் (நீளவாட்டு நூல்) ஊடையும் (குறுக்குவாட்டு நூல்) சேர்த்து ஏறக்குறைய 2,000 மீட்டர் நூல் வேண்டும். கதர்க் கணக்கில் ஒரு சிட்டம், அதாவது வளையமாகச் சுற்றிய ஒரு நூல்கட்டு, 1,000 மீட்டர், ஆக இரண்டு சிட்டம். நூல் 10ஆம் நம்பர் தடிமனில் (நம்பர் கூடக் கூட நூல் மெலியும்) இருந்தால் பஞ்சு சுமார் 120 கிராம் போகும். 1924இல் பெல்காமில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாடு, உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் (சுமார் 1,830 மீட்டர்) நூல் தர வேண்டும் என்று விதித்தது. ஆளுக்கு மாதம் ஒரு துண்டுக்குக் கொஞ்சம் குறைவு. கேட்கும்போது சின்னதாகத் தெரிகிற இந்த அளவைக்கூடப் பலரால் கொடுக்க முடியவில்லை, அடுத்த ஆண்டே விதியைத் தளர்த்தினார்கள். எனவே முதல் வாரம் பத்து மீட்டர் வந்தாலும் மனம் தளராதீர்கள்.

நூற்றதை அப்படியே பயன்படுத்தாதீர்கள். சிட்டமாகச் சுற்றி நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, சோப்புத் தூள் கொஞ்சம் போட்டுக் கொதிக்க விடுங்கள். வெளுக்காத பஞ்சென்றால் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறும். வெளியேறும் மெழுகும் அழுக்கும்தான் அது, பயப்பட வேண்டாம். அலசி உதறிக் கொடியில் காயப்போட்டால் முறுக்கு படிந்துவிடும், திருகல் அடங்கும். கம்பளியை மட்டும் இப்படிக் கொதிக்கவைக்கக் கூடாது, கட்டிப்போய்விடும்.

இனி உங்கள் மரத்துக்கு வருகிறேன். அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. பருத்தி உங்கள் கைக்கு வந்த பிறகு, மூன்று பங்கு பருத்திக்கு ஒரு பங்கு கெக்காபு என்று கலந்து பாருங்கள். செல்லப்பிராணிக் கடையில் நாய்க்குச் சீவ விற்கும் கம்பிப் பிரஷ் இரண்டு வாங்கி, ஒன்றில் இரண்டு பஞ்சையும் மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, மற்றொன்றால் சீவுங்கள். நன்றாகக் கலந்ததும் பென்சிலில் சுருட்டி உருவினால் பஞ்சுச் சுருள் கிடைக்கும், அதிலிருந்து நூற்கலாம். பருத்தி கவ்விப் பிடிக்கும், கெக்காபு மினுமினுப்பையும் இலேசையும் கொடுக்கும். இந்த விகிதம் என் கைக்கு ஒத்துவந்தது. உங்கள் மரத்துப் பஞ்சு குட்டையாக இருந்தால் பருத்தியைக் கூட்டிக்கொள்ளுங்கள். காய் மரத்தில் வெடித்துப் பறப்பதற்கு முன்பே முற்றியதைப் பறித்து, சாக்குப் பைக்குள் வைத்துக் காயவிட்டு, உள்ளே கைவிட்டே விதையைத் தட்டி எடுங்கள். இல்லாவிட்டால் வீடு முழுக்கப் பறக்கும். மூக்குக்கு முகக்கவசம் போடுங்கள். பக்கத்தில் சாமி விளக்கோ ஊதுபத்தியோ அடுப்போ எரியக் கூடாது. கெக்காபு ஒரு பொறி பட்டாலே குப்பென்று பிடித்துக்கொள்ளும், பிள்ளைகள் கூட இருந்தால் இதை முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள்.